பத்து பத்தில் நின்ற வீடு

ஆளில்லாத வீட்டில் மணி என்ன?

இந்தக் கேள்வியை நோரீன் பிக்கர்டைக் ஒரு வசந்தத்தில் தலையில் வாங்கிக்கொண்டு இலையுதிர்காலம் வரைக்கும் சுமந்தாள். கூடவே அவள் கணவன் வில்ஃபும் சுமந்தான். விரும்பிச் சுமந்தான் என்று சொல்வதற்கில்லை.

வீடு என்றது அவர்கள் குடியிருந்த வீட்டை அல்ல. இங்கிலாந்தில் ஸ்கிப்டன் என்ற ஊரில் கால்வாய் ஓரத்து வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. அதன் முன்னறையில், ஜன்னலில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற பொம்மை வீடுதான் விஷயம். மூன்று மாடி, ஒன்பது அறை. நிஜத்தில் ஓர் அடி இருப்பது அதில் ஓர் அங்குலம். ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்றாம் வருஷத்துக் கனவான் ஒருவரின் வீடு என்று கணக்கு. பலகை அறுத்துக் கொடுத்ததும் விளக்குக்குக் கம்பி இழுத்ததும் வில்ஃப். உள்ளே இருந்த நானூற்றுச் சொச்சம் சாமான்களும் நோரீன் ஒன்பது வருஷமாகத் தன் கையால் செய்தவை.

அதற்கு முன்னால் முப்பது வருஷம் அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தாள். தினம் முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்டாள். காலையில் செய்தது பகல் ஒரு மணிக்கு மிச்சமில்லை. அதைக் குறையாக அவள் சொன்னதில்லை. ஆனால் ஓய்வுபெற்ற மறுவாரம் அடுப்பில் வைத்தால் கல்லாக இறுகும் களிமண்ணை வாங்கிவந்து, சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு ரொட்டி செய்து, ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மறுநாளும் அது அங்கேயே இருந்தது. அன்று அவள் சிரித்த சிரிப்பை வில்ஃப் கவனித்தான்.

ஊர் நூலகத்தில் ஒரு பெரிய கண்ணாடிப் பேழை உண்டு. பொம்மை வீட்டுச் சங்கத்தார் செய்த வீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு வருஷம் அதில் வைப்பார்கள். நோரீனுக்கு அந்தப் பேழை வேண்டும். வாய்விட்டுச் சொல்லவில்லை. நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் அதன் நீள அகலத்தைக் கண்ணால் அளந்துவிட்டு வருவாள்.

ஏப்ரலில் முதல் பார்வை. தேர்வாளர் கிராம்ப்டன், பழைய மேஜை நாற்காலிகளுக்கு மதிப்புப் போடுகிற மனிதர். வீடுகளைக் கொண்டுவந்து வைத்திருந்த தேவாலயக் கூடத்தில் முழந்தாளிட்டு, பென்சில் கனத்தில் ஒரு டார்ச்சை அடித்து இருபது நிமிஷம் பார்த்தார். சாப்பாட்டு அறையில் வறுத்த வாத்தோடு விருந்து பரப்பியிருந்தது, மெழுகுவத்திகள் எரிந்தன. மாடிப் படுக்கையில் மெத்தையைச் சூடாக்கும் நெருப்புத் தட்டு செருகியிருந்தது. கீழே சமையலறை மேஜையில் ரொட்டி மாவு பாதி பிசைந்தபடி கிடந்தது.

"எல்லாம் பிரமாதம், மிஸஸ் பிக்கர்டைக்" என்றார் எழுந்து. "ஒண்ணே ஒண்ணு. இந்த வீட்டில இப்ப மணி என்ன?"

கூடம் சிரித்தது. நோரீனும் சிரித்தாள். அப்புறம்தான் குனிந்து பார்த்தாள்.

"விருந்துன்னா சாயங்காலம். மெத்தை சூடாக்கறாங்க, அதனால ராத்திரி. மாவு பிசையறாங்க, அதனால விடியக்காலை. ஆனா நாலு கடிகாரமும் பத்து பத்துங்குது. எந்த மணியா வேணும்னாலும் இருக்கட்டும். ஒண்ணா இருக்கட்டும். அக்டோபர்ல மறுபடி வர்றேன்."

கடிகார முகங்களை நோரீன் பத்திரிகை விளம்பரங்களிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தாள். விளம்பரக் கடிகாரம் எல்லாமே பத்து மணி பத்து நிமிஷத்தைத்தான் காட்டும். ஒன்பது வருஷமாக அது அவள் கண்ணிலேயே படவில்லை.

அன்று தேநீர்க் கோப்பையோடு ஓடிவந்தவள் ஆட்ரி. சங்கத்தின் செயலாளர், பழைய நூலகர், நோரீனின் நாற்பது வருஷச் சிநேகிதி. தப்பு கண்டுபிடிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை.

"இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போடாதடி. அந்த நாலு காகிதத்தைக் கிழி. நான் வேற முகம் வரைஞ்சு தர்றேன், ஆறு மணி காட்டற மாதிரி. விருந்து அப்படியே இருக்கட்டும். மாவையும் அந்தத் தட்டையும் மட்டும் எடுத்துடு. அரை மணி வேலை. பேழை உனக்குத்தான்."

சொன்னபடியே அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு முகங்களை வரைந்து, தீப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்தாள். பட்டன் அளவு முகம், மயிரிழை முள், எல்லாம் மணி ஆறு. வில்ஃப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "நீ பேசாம இருந்தேன்னா ரொம்ப நல்ல கைக்காரி, ஆட்ரி" என்றான்.

நோரீன் தீப்பெட்டியை வாங்கி மேஜைமேல் வைத்தாள். பொம்மை வீட்டின் முன்பக்கத்தைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கையை விட்டு, வறுத்த வாத்தைத் தட்டோடு வெளியே எடுத்தாள்.

"என்னடி பண்றே? அதுதானே உன்னோட ராஜா!"

"மணி பத்து பத்து" என்றாள் நோரீன்.

"ராத்திரியா?"

"காலை."

வில்ஃப் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தான். "நாலு காகிதத்தை மாத்தறதுக்குப் பதிலா நானூறு சாமானை மாத்தப் போறியா?"

"நானூறு இல்ல. முந்நூறு இருக்கும்" என்றாள்.

ஆட்ரி கோபத்தில் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் கை நிறையப் புத்தகங்களோடு வந்தாள். அந்தக் காலத்துக் கனவான்கள் காலை உணவுக்கு உட்கார்ந்ததே பத்து மணிக்குத்தானாம்! பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்; ஆனாலும் சொல்லிவிட்டாள்.

ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு மணிதான் என்று முடிவாகிவிட்டால், ஒவ்வொரு பொருளும் அந்த மணிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மெழுகுவத்திகள் அணைந்தன; அணைந்தால் மட்டும் போதாது, உருகி வழிந்து கட்டையாகவும் இருக்க வேண்டும். வெளிச்சம் கிழக்கிலிருந்து சாய்ந்து வர வேண்டும் என்பதால் வில்ஃப் உள்ளே இருந்த கம்பிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு வெளியே ஒரு விளக்கைப் பொருத்தினான். சூரியனை எந்த உயரத்தில் மாட்டுவது என்று பார்க்க, நிஜமாகவே ஒரு நாள் காலை பத்து பத்துக்குத் தெருவில் அளவுகோலோடு நின்றான். "வில்ஃப், மீட்டர் எல்லாம் வீட்டுக்குள்ளதானே இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டு போனான், அவனுடைய பழைய தொழில் தெரிந்த பால்காரன்.

வில்ஃபுக்கு அந்த மணி பழக்கமான மணிதான். இருபத்தெட்டு வருஷம் எரிவாயு மீட்டர் கணக்கெடுக்கிறவனாக ஊரில் ஒவ்வொரு வீட்டு மாடிப்படிக்கு அடியிலும் தலையை விட்டிருக்கிறான்.

"காலை பத்து மணிக்கு எந்த வீடும் விருந்தாளிக்குத் தயாரா இருக்காது, நோரீன். படியில ஏதாவது ஒண்ணு கிடக்கும். பாதி வேலையில கதவு தட்டினாங்கன்னா கையில இருக்கறதை அங்கேயே வெச்சுட்டு ஓடுவாங்க."

"என்ன கிடக்கும்?"

"எதுன்னாலும். ஒருதடவை மூத்திரச் சட்டியே கிடந்தது."

நோரீன் அன்றைக்கே வெள்ளைக் களிமண்ணில் நீலப்பூ போட்ட ஒரு மூத்திரச் சட்டி செய்து, மாடிப்படியின் நாலாவது படியில் வைத்தாள். ஆட்ரி தலையில் அடித்துக்கொண்டாள். பொம்மை வீட்டில் பொம்மைகள் கூடாது என்பது அவர்கள் சங்கத்தின் எழுதாத சட்டம். ஆள் இப்போதுதான் எழுந்து போனார் என்று பொருள்கள் சொல்ல வேண்டும். "இது ரொம்ப உரக்கச் சொல்லுதே!" என்றாள் ஆட்ரி. சட்டி அங்கேயே இருந்தது.

பெரிய சோதனை படுக்கை. விரித்த படுக்கையை யாரும் செய்துவிடலாம். கலைந்த படுக்கைதான் கஷ்டம். வீட்டைப் பன்னிரண்டில் ஒன்றாகச் சுருக்கலாம், துணியின் முரட்டுத்தனத்தைச் சுருக்க முடியாது. கைக்குட்டை அகலப் போர்வை தன் கனத்தில் தொங்காது, விறைத்துக்கொண்டு நிற்கும். நீர்த்த பசையில் நனைத்து, குண்டூசி குத்தி, கரண்டி முதுகால் தடவி உலரவைத்தாள். ஆறு போர்வைகள் பாழ். ஏழாவது, யாரோ காலால் உதறிவிட்டு எழுந்ததுபோல வந்தது. தலையணைக்குள் பஞ்சுக்குப் பதிலாக மெல்லிய மணலை அடைத்து, நடுவில் கட்டைவிரலை ஒருமுறை அழுத்தி எடுத்தாள். ஒரு தலை கிடந்த குழி விழுந்தது.

அப்புறம் வாத்து. மாலை விருந்துக்கு வறுபடப்போகும் வாத்து, காலை பத்து பத்துக்குப் பாதி சிறகு பிடுங்கின நிலையில் சமையலறையில் கிடந்தாக வேண்டும். மூன்று வாரம் ஆயிற்று. புறாவின் அடிவயிற்றுத் தூவியை வெட்டி வெட்டி ஒட்டினாள்.

"வறுத்ததைப் பச்சையாக்கிட்டே. இப்படியே போனா அடுத்த வாரம் அது எந்திரிச்சு நடக்கும்" என்றான் வில்ஃப்.

"நடந்தா நீதான் பிடிச்சுட்டு வரணும்."

அந்தக் கோடையில் அவர்கள் வீட்டில் சமையல் அவ்வளவு சுகமில்லை. சிரிப்புக்கு மட்டும் குறைவில்லை.

அக்டோபரில் கிராம்ப்டன் வந்தார். போட்டியில் நின்ற மற்ற இரண்டு வீடுகளிலும் விருந்துகள் ஜொலித்தன. கூடத்தில் இருந்தவர்கள் நோரீனின் வீட்டைப் பார்த்து முணுமுணுத்தார்கள். வாத்து எங்கே? விளக்குகள் எங்கே? ஆட்ரி எல்லோரையும் முறைத்தாள். வில்ஃப் தன் சூரியனைப் போட்டான்.

கிராம்ப்டன் முழந்தாளிட்டார். டார்ச்சை எடுத்தவர், எதற்கோ அதைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேஜையில் உடைத்த முட்டையோடு, கடித்த ரொட்டி ஒன்று. நாற்காலி சற்றுப் பின்னால் தள்ளியிருந்தது. படுக்கையறை ஜன்னல் திறந்திருந்தது. சமையலறைத் தரையில் மூன்றே மூன்று தூவிகள். நாலாவது படியைப் பார்த்ததும் அவர் தோள் குலுங்கியது.

பிறகு முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோய், தன்னையறியாமல், மெதுவாக, "குட்மார்னிங்" என்றார்.

ஆட்ரிதான் முதலில் அழுதாள்.

வீடு நூலகத்துக்குப் போனது. பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு படியைக் காட்டிச் சிரித்தார்கள். பெரியவர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: கடிகாரத்தை மாற்றியிருக்கலாமே? கிராம்ப்டனும் கேட்டார். "மாத்தியிருக்கலாம்" என்றாள் நோரீன், ரொம்ப மரியாதையாக.

வில்ஃப் மட்டும் ஒரு விடையைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது அதை வெட்கத்தோடு எடுத்து விட்டான்.

"நான் முதல்தடவை உங்கம்மா வீட்டுக்கு மீட்டர் பார்க்க வந்தேனே, அன்னிக்கு மணி பத்து பத்தா?"

நோரீன் கோப்பையை வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். "நீ வந்தது சாயங்காலம் நாலு மணிக்குய்யா! மழையில நனைஞ்ச கோழி மாதிரி நின்னே."

"அப்ப எதுக்கு?"

"இஞ்சிக் கேக் இன்னொரு துண்டு வேணுமா?"

அவன் வாங்கிக்கொண்டான். ஆட்ரி வரைந்த நாலு முகங்களும் அலமாரியில் அந்தத் தீப்பெட்டிக்குள் பஞ்சின்மேல் இருந்தன. மணி ஆறு காட்டிக்கொண்டு, ஒட்டப்படாமலே.