தண்ணி லைனில் பழகிய பாண்ட்

எங்கள் பள்ளிக்கூடத்து பாண்ட் குழுவைப் பழக்கியது நான்தான். பழக்க ஓர் ஆசிரியர் வருவார், வருவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வரவில்லை. போர் முடிந்து, அகதி முகாமிலிருந்து அடம்பன் பக்கம் மீள்குடியேறிய வருஷம் அது. வகுப்பறைக்குக் கூரை வருவதற்கு முன்பே உதவி செய்கிறவர்கள் யாரோ மேளங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். இடம்பெயர முன்னர் வேறொரு பள்ளிக்கூடத்தில் நான் சின்ன மேளம் அடித்திருந்தேன். அந்த ஒரு தகுதிக்காக, பதினோராம் வகுப்பில் இருந்த என்னிடம் ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஒப்படைத்தார் பள்ளிக்கூடத்து அதிபர்.

தாளம் அவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டது. குச்சிகள் வராததால் பூவரசந்தடியைச் சீவி அடித்தோம், அதிலும் குறையில்லை. வில்லங்கம் நடையில்தான். முன்னுக்கும் பக்கத்திலும் ஒரு கை நீள இடம் விட்டு நடக்கவேண்டும். நிற்கும்போது விடுவார்கள். நடக்கத் தொடங்கினால் முன்னால் போகிறவரின் முதுகோடும் பக்கத்தில் வருகிறவரின் தோளோடும் போய் ஒட்டிக்கொள்வார்கள். மேளம் முதுகில் இடிக்கும், பிறகு சண்டை.

"எருமையள், தள்ளி நில்லுங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

பெரிய மேளம் சுமந்த ஆறாம் வகுப்புக்காரி ஒருநாள் திருப்பிக் கேட்டாள். "அக்கா, இடம் விட்டா ஆரும் பூந்திடுவினம் எல்லே?"

அப்போதுதான் விளங்கியது. முகாமில் தண்ணீர் வரிசையில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அங்கே இடம் விட்டால் யாராவது நுழைவார்கள். நம் முறை வருவதற்குள் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி காலியாகிவிடும். நானும் அப்படித்தான் முன்னால் நின்றவரை வாளியால் இடித்தபடி நின்றிருக்கிறேன்.

"இது தண்ணி லைன் இல்லை. இஞ்ச ஒருத்தரும் இடையில வரமாட்டினம்" என்றேன். அதற்குப் பிறகு யாராவது ஒட்டினால் "தண்ணி லைன் இல்லை!" என்றால் போதும். சிரித்துக்கொண்டே விலகுவார்கள்.

புதிய கட்டடத்தின் திறப்பு விழா வந்தது. பிரதம விருந்தினருக்கு முன்னால் நடந்து அவரை வாசலிலிருந்து அழைத்துப் போவது அந்தந்தப் பள்ளிக்கூடத்து பாண்டின் உரிமை. எங்கும் அதுதான் வழக்கம். அந்த ஒன்றுக்காகத்தான் பிள்ளைகள் வெயிலில் கருகினார்கள். அன்று காலையில் பார்த்தால், ஒரு நகரத்துப் பள்ளிக்கூடத்து பாண்ட் பஸ்ஸில் வந்து இறங்குகிறது. தொப்பி, குஞ்சம், வெள்ளைச் சப்பாத்து. எங்களில் பாதிப் பேருக்குச் செருப்பே இல்லை.

விழாவை ஒழுங்கு செய்த அதிகாரி என்னிடம் வந்தார். "தங்கச்சி, படம் எடுக்க ஆக்கள் வருகினம். வடிவா இருக்கவேணும். அவையள் முன்னுக்குப் போகட்டும், உங்கட பிள்ளையள் பின்னால வரட்டும்."

அதிபரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். அழிந்த ஊருக்குள் திரும்பி வந்து நாங்கள் தகரக் கொட்டிலில் இருக்கலாம். அந்த ஊருக்குள் ஒருவரை அழைத்து வர மட்டும் எங்களுக்கு வடிவு காணாதாம்.

"ஏலாது ஐயா. இது எங்கட பள்ளிக்கூடம்" என்றேன்.

அவர் என்னோடு மினக்கெடவில்லை. நகரத்துப் பிள்ளைகளைப் பார்த்துக் கையசைத்தார். வாசலிலிருந்து போகும் பாதை, இரு பக்கமும் முள்ளுக்கம்பி அடித்த ஒடுங்கிய பாதை. அதில் எங்கள் பிள்ளைகள் நான் பழக்கியபடியே கை நீள இடம் விட்டு நேராக நின்றார்கள். அந்த இடைவெளிகளுக்குள்ளால்தான் தொப்பிக்காரர் முன்னுக்கு வரத் தொடங்கினார்கள்.

"பிள்ளையள்!" என்று கத்தினேன். "தண்ணி லைன்!"

மேளம் முதுகில் இடிக்க, தோளோடு தோள் ஒட்டிக்கொண்டார்கள். ஒரு பூனைக்கும் வழியில்லை. முதலில் நுழைந்த பையன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினான்.

"விலகுங்கோ!" என்றார் அதிகாரி.

பெரிய மேளக்காரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நாங்கள்தான் முதல் வந்து நிண்டனாங்கள்."

அதற்குள் விருந்தினரின் வாகனம் வந்துவிட்டது. அடித்துக்கொண்டு நடந்தோம். அதை அணிநடை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். இடித்து நெரித்துக்கொண்டு, தாளம் மட்டும் பிசகாமல், கட்டடம் வரை போனோம். படங்களில் கேவலமாகத்தான் விழுந்திருப்போம். விழட்டும். முன்னால் போனது நாங்கள்.