ஈயக் குண்டில் ஒரு வசவு

தேர்தல் நேரம். முந்தாநாள் ஒடிசாவில் ரயில் ஏறும்போது ஸ்டேஷன் வாசலில் ஒரு பிரச்சார ஆட்டோ அலறியது. மொழி தெரியாததால் எனக்கு அது பாட்டுப் போல இருந்தது. நின்று ரசித்தேன்.

இன்று திருச்சி சத்திரம் பஸ் நிலையம் அருகே ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே வெள்ளை அங்கியில் ஒரு இளம் பாதிரியார் போண்டா தின்கிறார். ரோமில் படித்தவராம். லத்தீன் தெரியும் என்றதும் என் புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டுகிறேன்.

ரோமானியர்கள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்ட காலத்து ஈயக் குண்டு அது. கோட்டையை வளைத்த படை கவணில் வைத்து உள்ளே எறிந்தது. பேரீச்சம்பழ அளவுதான். அதிலும் ஏதோ எழுதியிருக்கிறார்கள்.

அந்த எழுத்தைப் படித்ததும் பாதிரியார் மெல்லுவதை நிறுத்துகிறார்.

"உள்ள இருக்கற தளபதிய வழுக்கத் தலையாங்கறான் சார். மிச்சத்த நான் வாயால சொல்லக் கூடாது."

"கொல்லத்தானே எறியறாங்க? வசவு எதுக்கு ஃபாதர்?"

"வேற நாட்டுக்காரன் மேல எறிஞ்சா அது வெறும் ஈயம். இங்க ரெண்டு பக்கமும் ஒரே பாஷை. எடுத்துப் படிப்பாங்கல்ல."

வெளியே சிக்னலில் இரண்டு கட்சிகளின் ஆட்டோக்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று திருடன் என்கிறது, மற்றது துரோகி என்கிறது. பிறகு இரண்டும் எதிராளி வீட்டுப் பெண்களை வசவுக்குள் இழுக்கின்றன.

பாதிரியார் தட்டைப் பார்க்கிறார். நான் டம்ளரைப் பார்க்கிறேன். ஒரு வார்த்தை விடாமல் புரிகிறது.