காலியாக இருந்த குழி

காஜா பெராங்கில் இன்று கால்வாய்க்குத் தோண்டிய செம்மண்ணின் ஈரவாடை மூக்கில் ஏறியதும், நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா வருடம் சாலை போடுவதற்காக அப்புறப்படுத்தப்பட்ட எங்கள் சிறிய கல்லறைத் தோட்டமும், அதன் பதினேழு சிலுவைகளும், இரண்டு ரம்புத்தான் மரங்களும், காலை முழுக்க ஓயாத மண்வெட்டிச் சத்தமும் நினைவுக்கு வந்துவிட்டன. எலும்புகளை வேறிடத்தில் புதைக்க வேண்டியிருந்ததால், மூன்று மாதக் குழந்தையாக இறந்துபோன என் தங்கைக்காக அப்பா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்திருந்தார். மற்ற பதினாறு குழிகளிலும் எலும்புகள் இருந்தன. அவளுடையதில் ஒன்றுமே இல்லை.

“பச்சப்புள்ள எலும்பும்மா, மண்ணு தின்னிருச்சி,” என்றார் தோண்டியவர்.

“சும்மா இருங்கண்ணே! கல்லறை காலியா இருந்தா என்னா அர்த்தம்? எம்புள்ள எழுந்துட்டா!”

இரண்டு வருடத்தில் அம்மா சிரித்தது அன்றுதான். அப்பா ஒரு பிடி மண்ணை டின்னில் போட்டார். அம்மா அதைப் பிடுங்கிக் கொட்டினாள்.

“அவ இதுல இல்லங்க.”

நான் நம்புவது தோண்டியவரைத்தான். எழுபத்தெட்டு வயதில் வேறு எதையும் நம்ப முடியவில்லை. ஆனாலும், என் குழிமேல் சிமெண்டு பூசக்கூடாது என்று மகனிடம் இதுவரை நான்கு முறை சொல்லிவிட்டேன்.