காருக்கு அடியிலிருந்து சொன்னது

எங்கள் தெருவில் யாராவது கார் வாங்கினால் முதலில் வாழ்த்துச் சொல்ல வருகிறவன் ராய்ஸ் பென்ஹாலுரிக்தான். வாழ்த்து முடிவதற்குள் அவன் கை பானெட்டுக்குப் போய்விடும். "கொஞ்சம் தொறங்களேன், ஆயில் எவ்ளோ இருக்குன்னு பாத்துட்டுப் போயிடறேன்" என்பான். பின்பாக்கெட்டில் எப்போதும் ஒரு துணி இருக்கும். அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். நண்டு பிடிக்க எங்கள் ஊர் வாலரூ துறைமுகத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களையும் விடமாட்டான்.

பாரில் அவனை வைத்துத்தான் சிரிப்பு. "ஆம்புலன்ஸ் சைரன் போட்டு வந்தாலும் இவன் நடுரோட்டுல நிறுத்தி ஆயில் பாத்துட்டுத்தான்டா அனுப்புவான்!"

"பாத்தா என்னடா குறைஞ்சு போச்சு?" என்று அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அவன் ஏன் அப்படி ஆனான் என்பது ஊருக்கே தெரியும். தெரியும் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நானும் ராய்ஸும் கப்பல் துறைக்குப் பக்கத்தில் இருக்கும் கோதுமைக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு தகர வேலிதான். அந்தக் காலத்திலும் அவன் தன் காரை எந்தப் பட்டறைக்கும் கொண்டுபோனதில்லை. ஐயாயிரம் கிலோமீட்டர் ஆனதும் ஒரு சனிக்கிழமை காலை முன்சக்கரங்களை இரும்புச் சாய்வுகளில் ஏற்றி நிறுத்தி, பழைய கம்பளத்தை விரித்து அடியில் நுழைந்துவிடுவான். "இரும்பும் இரும்பும் நேராத் தொடக் கூடாது நெவ். நடுவுல எண்ணெய் இருக்கணும். அது அழுக்கானா என்ஜின் தன்னைத்தானே தின்ன ஆரம்பிச்சுடும்" என்று எனக்குப் பாடம் எடுப்பான். நான் சோம்பேறி. என் காருக்கும் அவனே மாற்றிவிடுவான்.

மனைவி ரேலீன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஒரே மகள் டீகன். நர்ஸ் படிப்புக்கு அடிலெய்டு போனபோது அவளுக்கு ஒரு பழைய சின்ன வெள்ளைக் கார் வாங்கிக் கொடுத்தார்கள். அவள் ஊருக்கு வரும்போதெல்லாம், வந்து பையை இறக்குவதற்குள் ராய்ஸ் பானெட்டைத் திறந்திருப்பான். "என்னை வரவேற்கிறியா, என் காரையாப்பா?" என்று அவள் கத்துவது என் வீட்டுக்குக் கேட்கும்.

கடைசி வருஷம் பயிற்சி, பரீட்சை என்று ஐந்து மாதம் அவள் வரவே இல்லை. கிறிஸ்துமஸுக்குத்தான் புறப்பட்டாள். அறுவடை நேரம். அடிலெய்டு சாலையில் குல்பாரா ஏற்றத்தில் என்ஜின் இறுகிப் பூட்டிக்கொண்டு கார் நடுச்சாலையில் நின்றுவிட்டது. ஓரத்துக்குத் தள்ள அவளால் முடியவில்லை. பின்னால் கோதுமை ஏற்றி வந்த லாரிக்காரர் வளைவு திரும்பியபோதுதான் பார்த்திருக்கிறார். நிறுத்த முடியவில்லை. பிறகு சோதித்த போலீஸ்காரர்கள், என்ஜினில் ஆயில் என்று சொல்ல ஒரு சொட்டு இல்லை என்றார்கள். அந்த லாரி எங்கள் கிடங்குக்குத்தான் வந்துகொண்டிருந்தது. ராய்ஸ் அன்று மாலை எடை மேடையில் நின்று லாரிகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். டீகனுக்கு இருபது வயது.

ராய்ஸ் கிடங்கு வேலையை விட்டுவிட்டு முனிசிபாலிட்டியில் சேர்ந்தான். ஊரார் கார்களின் ஆயிலைப் பார்க்க ஆரம்பித்ததும் அப்போதுதான். வீட்டுக்குள் பேச்சு நின்றுபோனது. டீகன் பெயரை ரேலீன் எடுத்தால் அவன் எழுந்து ஷெட்டுக்குப் போய்விடுவான். அவன் திரும்பி வந்து உட்கார்ந்தால் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. இரண்டு வருஷம் கழித்து ரேலீன் பத்து கிலோமீட்டர் தள்ளி கடீனாவில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போனாள். தட்டுமுட்டுகளை ஏற்ற நான்தான் கைகொடுத்தேன். காரில் உட்கார்ந்தவளிடம் ராய்ஸ் சொன்னது ஒன்றுதான்:

"மார்ச்சுல வண்டியக் கொண்டு வா. ஆயில் மாத்தணும்."

கொண்டுவந்தாள். மார்ச்சில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை. ஒன்பது வருஷத்தில் ஒன்றும் தவறவில்லை. என்ஜின் சூட்டோடு இருந்தால்தான் ஆயில் சுத்தமாக வடியும் என்பதால் கடற்கரை வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வருவாள். அவன் அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். அவள் பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு முன்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். முகம் பார்க்க வேண்டியிராததால் அப்போது மட்டும் இருவருக்கும் பேச்சு வரும். அவனுக்கு அவள் செருப்பு தெரியும், அவளுக்கு அவன் பூட்ஸ் தெரியும்.

"வீட்டுல என்ன சாப்பிடற?"

"டின்னைத் தொறக்கறேன், சூடு பண்றேன், சாப்பிடறேன்."

"மனுஷன் மாதிரி சமைச்சுச் சாப்பிடேன்."

"ஆஸ்பத்திரில நீங்க சமைக்கறதுக்கு என் டின் எவ்வளவோ மேல்."

"அடப் பாவி! ஸ்பேனரை எடுத்து மண்டைல போடுவேன்."

ஒரு மணி நேரம் இப்படிப் போகும். டீகன் பெயர் மட்டும் வராது.

இந்த மார்ச்சில் அவள் வந்தபோது நான் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்க நினைக்கவில்லை. ஆனால் அவள் முதலில் சொன்னது காதில் விழுந்ததும் குழாயை மூடிவிட்டேன். மூடிய பிறகு நகர்ந்தால் நான் அங்கே இருப்பது தெரிந்துவிடும். அப்படியே குந்தியிருந்தேன். வேலித் தகரங்களின் இடுக்கு வழியே அவர்கள் தெரிந்தார்கள்.

"ராய்ஸ், நான் டாஸ்மேனியாவுக்குப் போறேன். அக்கா கோரலுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சு. கூட ஆள் வேணும்."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கு இல்ல. போயிடறேன். வீட்டக் காலி பண்ணிட்டேன்."

அவன் ஆயில் தொட்டியின் அடி நட்டைத் திருகிக் கழற்றினான். ஆயில் தட்டில் விழும் சத்தம் எனக்கே கேட்டது.

"அங்க ஆயில் யாரு மாத்துவா?"

"அக்கா இருக்கற பர்னில மெக்கானிக்கே இல்லையா என்ன?"

"அவனுங்க வாஷர் மாத்த மாட்டானுங்க. பழசையே போட்டு முறுக்கிடுவானுங்க."

"நான் பக்கத்துல நின்னு மாத்த வெக்கறேன்."

அவன் தட்டை இழுத்துச் சரியாக வைக்கும் சத்தம் கேட்டது.

"ரே, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். குனிஞ்சு பாக்காதே."

"பாக்கல. சொல்லு."

"டீகன் எனக்குப் போன் பண்ணினா. வர்றதுக்கு நாலு நாள் முன்னாடி. அப்பா, ஒரு சிவப்பு விளக்கு எரியுது, அணையுது, ஆயில் படம் போட்டிருக்குன்னா. எனக்குப் பின்னாடி லாரி வரிசைகட்டி நிக்குது, எல்லாவனும் ஹாரன் அடிக்கறான். பழைய வண்டி, வயர் ஏதாவது லூஸா இருக்கும், வீட்டுக்கு வா பாத்துக்கறேன்னுட்டேன். கம்பிய எடுத்துப் பாரும்மான்னு ஒரு வார்த்தை சொல்லல. ஊருக்கெல்லாம் சொல்றவன், பெத்த பொண்ணுக்குச் சொல்லல."

ரேலீன் எழுந்து போய்விடுவாள் என்று நான் நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். பூட்ஸ் இரண்டும் அசையாமல் இருந்தன.

"எனக்கும் பண்ணினா" என்றாள்.

"என்ன?"

"கெளம்பின அன்னிக்குக் காலைல. அந்த விளக்கு இப்ப அணையவே மாட்டேங்குதும்மா, அப்பாகிட்ட குடுன்னா. நீ ரெண்டு ஷிஃப்ட் பாத்துட்டு வந்து அப்பதான் படுத்தே. அப்பாவ எழுப்ப வேண்டாம், மெதுவா ஓட்டிட்டு வந்துடுன்னு நான்தான் சொன்னேன். கொஞ்சம் தூங்கட்டுமேன்னு நெனச்சேன் ராய்ஸ். அவ்வளவுதான் நெனச்சேன்."

காருக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மகளைப் புதைத்த அன்றுகூட அவனிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. ரேலீன் கிரேட்டிலிருந்து இறங்கினாள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. சிமெண்டுத் தரையில் ஒரு கை ஊன்றி, முனகிக்கொண்டே பக்கவாட்டில் படுத்து, காருக்கு அடியில் கையை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆயில் வடிந்து, சொட்டி, சொட்டுவதும் நின்ற பிறகும் இரண்டு பேரும் அப்படியே கிடந்தார்கள். எனக்குக் கால் மரத்துவிட்டது.

பிறகு அவன் வேலையை முடித்தான். புது வாஷர், புது ஃபில்டர், நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் புது ஆயில். என்ஜினை ஓடவிட்டு, எங்காவது கசிகிறதா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது. அவள் சட்டைக் கையெல்லாம் கறுப்பு.

"எங்கிட்ட சொன்னா உன்ன விட்டுட்டுப் போயிடுவேன்னு பயந்தியா?" என்று அவள் கேட்டாள்.

"ஆமா."

"நானும் அதுக்குத்தான் பயந்தேன்."

"சொல்லாமயும் போகத்தானே செஞ்சே."

"ஆமா. போனேன்."

அவன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "போகாதே ரே" என்றான்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருக்கணும். இப்ப கோரலுக்கு யாரு இருக்கா, சொல்லு."

அவன் துணியை மடித்துப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். அவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று வேலிக்கு இந்தப்பக்கம் நான் முட்டாள்தனமாகக் கனவு கண்டுகொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

மறுவாரம் அவள் புறப்பட்ட அன்று, குல்பாரா வரை கூட வருகிறேன் என்று ராய்ஸ் சொன்னான். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவன் அந்தச் சாலையில் போனதில்லை. அடிலெய்டு போகவேண்டி வந்தால் வடக்கே சுற்றிக்கொண்டுதான் போவான். அவன் தனியே ஓட்டவேண்டாம் என்று நான் என் வண்டியில் கூட்டிக்கொண்டு ரேலீன் காருக்குப் பின்னால் போனேன். ஏற்றத்தில் இடதுபுறம் அவள் வைத்த வெள்ளைச் சிலுவை புல்லுக்கு நடுவே நின்றது. நான் வண்டியிலேயே இருந்தேன். அவர்கள் அருகருகே நின்றார்கள். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் காற்று இருவரையும் தள்ளியது. பதினோரு வருஷத்தில் பெற்றவர்கள் இருவரும் சேர்ந்து அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. பிறகு ரேலீன் அவன் கன்னத்தைத் தொட்டுவிட்டு, காரில் ஏறி, டாஸ்மேனியா போகும் கப்பலைப் பிடிக்கக் கிழக்கே போனாள்.

திரும்பும்போது கடீனா பேக்கரியில் நிறுத்தி, கறி அடைத்த பாஸ்டி இரண்டு சூடாக வாங்கினேன். அவன் தன்னுடையதைக் காகிதத்தோடு மடியில் வைத்துக்கொண்டான்.

"நெவ்."

"சொல்லுடா."

"டீகன் குரல் மறந்துட்டே வருதுடா. சின்ன வயசுல பாடினது, சண்டை போட்டது ஒண்ணும் இப்ப காதுல கேக்க மாட்டேங்குது. அந்தப் போன்ல 'அப்பா, ஒரு சிவப்பு விளக்கு'ன்னாளே, அது மட்டும்தான் கேக்குது."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். பாஸ்டி ஆறிப்போயிருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ரேலீன் போன் செய்கிறாள். கோரல் எப்படி இருக்கிறாள் என்று அவன் கேட்பான். பிறகு டீகனைப் பற்றிப் பேசுவார்கள். அவள் சொன்னதை, செய்ததை எல்லாம் ரேலீன் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வாளாம். அவன் கேட்டுக்கொண்டிருப்பானாம்.