மரம் காஞ்சிருச்சா

அம்மா நாள் முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "மரம் காஞ்சிருச்சாய்யா?"

கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். இரவு மழை பெய்திருந்தால், மரம் காயும்வரை கத்தியைத் தொட முடியாது. அந்த ஈர நேரம்தான் அவருக்கு வாய்த்த ஓய்வு. மறதி நோய் முற்றி, ஈப்போவில் என் வீட்டுக்கு வந்த பிறகு, கொளுத்தும் வெயிலிலும் ஜன்னலைப் பார்த்து அதையே கேட்டார்.

நானோ பள்ளிக்கூட வாத்தியார். பென்ஷன் வாங்கியும் திருத்துகிற புத்தி போகவில்லை.

"எந்த மரம்? தோட்டத்த வித்தாச்சும்மா. அங்க இப்ப வீடு கட்டிட்டாங்க."

"வித்துட்டாங்களா?" என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டதுபோல் முகம் வாடுவார். பத்து நிமிடத்தில் மறுபடி மரம். எனக்கு எரிச்சல் தலைக்கேறும். மறுபடி அதே பதிலைச் சொல்வேன், கொஞ்சம் சத்தமாக.

ஒருநாள் பத்து காஜா ஊரிலிருந்து அக்கா வந்திருந்தாள். அம்மா அவளிடமும் கேட்டார்.

"இன்னும் ஈரமாத்தான் இருக்கும்மா. காய நேரமாவும்லா."

"அப்ப ஒரு கோப்பி போடு" என்று அம்மா சாய்ந்து உட்கார்ந்தார். அட்டைக்கடி, கங்காணியின் ஓட்டைக் குடை, ஒழுகும் கொட்டகையில் நனைந்துகொண்டே அடித்த அரட்டை என்று அரை மணி நேரம் பேசினார். சிரிக்கவும் செய்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படியில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்க்கா பொய் சொல்ற? இருக்கிற ஞாபகமும் போயிரும்."

"பேசுனாங்கல்ல தம்பி. ஒங்கிட்ட எப்ப இப்படிப் பேசுனாங்க?"

அவள் போனதும் வீம்புக்குப் பழையபடி திருத்தினேன். சில மாதத்தில் கேள்வி குறைந்து, நின்றே போனது. "புரிஞ்சிக்கிட்டாங்கக்கா" என்று தொலைபேசியில் பெருமையாகச் சொன்னேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. கேள்வியோடு மற்ற பேச்சும் போய்விட்டதை நான் கவனிக்கவே இல்லை. வீடு அமைதியாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் காலையில் நல்ல மழை. கோப்பியை ஆற்றிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மரம் இன்னும் காயலம்மா. மெதுவா குடிங்க."

அம்மா என்னைப் பார்த்தார். பல நாளைக்குப் பிறகு வாய் திறந்தார்.

"எந்த மரம்? தோட்டத்த வித்தாச்சு."