விமானத்துக்கு முன்னால் ஒரு கம்ப்ரசர்

என் கணவர் வீட்டில் விமானம் கட்டப்போவதாகச் சொன்ன அன்று நான் தோசைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை. "என்னது, வீடா?" என்று கேட்டேன். அப்போது பெரம்பலூரில் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் எல்லாம் வீடுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வாடகைக்கு இருந்தோம்.

"வூடு யாரு வேணும்னாலும் கட்டுவான்," என்றார் அவர். "நான் சொன்னது ஏரோப்ளேன்."

அவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர். நான் நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் இரு குடும்பத்திலும் அதுவரை யாரும் விமானத்தில் ஏறியதுகூட இல்லை. ஏறிப் பார்த்துவிட்டு அப்புறம் கட்டலாமே என்று சாதாரண மனிதனுக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை.

எல்லாம் புது பஸ் ஸ்டாண்டு எதிரில் திறந்திருந்த பிரவுசிங் சென்டரால் வந்த வினை. ஊர்ப் பையன்கள் அங்கே போய் என்னென்னவோ பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்று பள்ளியில் நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். என் வீட்டில் கெட்டுப்போனது நாற்பது வயது ஆள். அமெரிக்காவில் சிலர் வீட்டுக் கார் ஷெட்டில் அலுமினியத் தகடுகளை ரிவிட் அடித்துச் சேர்த்து, சொந்தமாக விமானம் கட்டி ஓட்டுகிறார்களாம். அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். இங்க் தீர்ந்த பிரிண்டர் போலிருக்கிறது. விமானங்கள் எல்லாம் பனிமூட்டத்தில் நின்றன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்ஜெட் தாக்கலானது. கேட்பதற்கு நான் ஒருத்திதான். ஒரு முழுத்தாளில் இரண்டு பத்தி போட்டிருந்தார். ஒன்றின் தலைப்பு 'அவசியம்'. மற்றதன் தலைப்பு 'மிக அவசியம்'. அவசியமில்லாதது என்று ஒரு பத்தி எங்கேயும் இல்லை. ட்ரில்லிங் மெஷின், தகடு வெட்டும் கத்திரிகள், துளையின் பிசிறு எடுக்கும் கருவி, காற்றழுத்தத்தில் ஓடும் ரிவிட் கன், அதற்குக் காற்று கொடுக்க ஒரு கம்ப்ரசர், ரிவிட் அடிக்கும்வரை தகடுகளைச் சேர்த்துப் பிடிக்க நானூறு ஸ்பிரிங் கிளிப். கீழே மொத்தம் பதினெட்டாயிரம்.

பதினெட்டாயிரத்தில் விமானம் என்றால் பரவாயில்லையே என்று ஒரு நிமிடம் நானே மயங்கிவிட்டேன். பிறகு மறுபடி படித்தேன்.

"ஏங்க, இதுல ஏரோப்ளேன் எங்க?"

"இது டூல்ஸுக்கு மட்டும்."

"அப்ப ஏரோப்ளேன்?"

"அது அடுத்த பட்ஜெட். மொதல்ல டூல்ஸ் வேணுமில்ல?"

"எஞ்சின்?"

"அதுக்கும் அடுத்தது."

மத்திய அரசில்கூட இவ்வளவு தொலைநோக்கு கிடையாது.

எனக்கு ஒரு சீட்டு முடிகிற நேரம் அது. ஃபிரிட்ஜ் வாங்க வைத்திருந்த பணம். அவர் நேரடியாகக் கேட்கவில்லை. ஒரு வாரம் சாப்பாட்டில் குறை சொல்லாமல் சாப்பிட்டார். அது கேட்பதைவிட மோசம். எட்டாவது நாள் நான் ஒரு நிபந்தனை போட்டேன். பணம் தருகிறேன், ஆனால் வாங்கும் ஒவ்வொரு கருவிக்கும் இந்த வீட்டில் ஒரு உபயோகம் இருக்க வேண்டும். அதற்கு மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். கணக்கு டீச்சரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுதிக்கொண்டு வந்தார். ட்ரில்லிங் மெஷின்: காலண்டர் மாட்ட. கம்ப்ரசர்: ஃபேனில் தூசி அடிக்க. ரிவிட் கன்: குக்கர் கைப்பிடி ஆடினால். ரிவிட் அடிக்கும்போது தகட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்க ஒரு கனமான இரும்புக் கட்டை வேண்டும். அதற்கு எதிரே 'பூண்டு நசுக்க' என்று இருந்தது. கிளிப்புகளுக்கு எதிரே 'துணி காயப்போட' என்று எழுதியிருந்தார். நானூறு துணி எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டினேன். இருநூறாகக் குறைத்தார். அந்தப் பட்ஜெட்டில் நான் சாதித்தது அது ஒன்றுதான்.

கம்ப்ரசர் துவாக்குடியில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து வந்தது. சில்லறைக் கருவிகள் திருச்சி பெரியகடை வீதியில் கிடைத்தன. விமானத் தகடு அந்த வீதியில் யாரிடமும் இல்லை. பஸ் பாடி கட்டுகிறவர்கள் வாங்கும் தகடுதான் இருந்தது. அதையே வாங்கி வந்தார். அப்படியானால் இது பறந்தாலும் பஸ் பறந்ததாகத்தான் கணக்கு என்றேன்.

எங்கள் ஹவுஸ் ஓனர் லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த பாய். மகன்கள் இரண்டு பேரும் துபாயில். எனவே விமானத்தைப் பற்றி எங்களைவிட அவருக்கு அதிகம் தெரியும். காலியாகக் கிடந்த கார் ஷெட்டில் கம்ப்ரசர் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னா தம்பி, பஞ்சர் கடையா போடப்போறீங்க?"

"இல்லங்க பாய், ஏரோப்ளேன் கட்டப்போறேன்."

பாய் சிரிக்கவில்லை. ஷெட்டை ஒருமுறை சுற்றி வந்தார். "மாஷா அல்லாஹ். எறக்கை எம்புட்டு நீளம் வரும்?"

"இருவத்தஞ்சு அடி வரும்ங்க."

"கேட்டு ஏழு அடிதான தம்பி இருக்கு?"

என் கணவர் கேட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முழுத்தாளில் மூன்று பத்தி போட்டவர்கள் நாங்கள். எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. "எறக்கையத் தனியா கழட்டிக்கலாங்க," என்றார் அவர். இன்னும் செய்யாத இறக்கையை அந்த இடத்திலேயே கழற்றிவிட்டார். பாய் தலையாட்டிவிட்டு, "அப்ப ஷெட்டுக்கு மாசம் நூத்தம்பது தனியாக் குடுத்துருங்க டீச்சரம்மா," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் திட்டத்தை முழுமையாக நம்பிய முதல் மனிதர் அவர்தான்.

கருவிகள் எல்லாம் வந்து சேர்ந்ததும் என் கணவர் முதலில் செய்தது, அந்தக் கருவிகளை வைக்க ஒரு பெட்டி. பழகுவதற்காக என்றார். அதற்கு மூன்று மாதம் ஆனது. நல்ல பெட்டி, குறை சொல்லக் கூடாது. ஃபிரிட்ஜ் விலையில் ஒரு பெட்டி.

அதற்குப் பிறகு வாலில் கைவைத்தார். விமானத்தின் பின்னால் நிமிர்ந்து நின்று திசை திருப்புகிற சுக்கான். அதிலிருந்துதான் எல்லோரும் தொடங்குவார்களாம். அப்போதுதான் பட்ஜெட்டில் எழுதாமல் விட்ட ஒரு கருவி தேவைப்பட்டது. ரிவிட் கன்னை ஒருவர் அடிக்க, தகட்டின் மறுபுறம் இன்னொருவர் அந்த இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். சம்பளமில்லாமல் இதற்கு யார் கிடைப்பார்கள் என்று அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை.

"சும்மா புடிச்சா போதும் டீச்சரம்மா," என்றார். வேலை ஆக வேண்டியிருந்தால் மட்டும் நான் அவருக்கு டீச்சரம்மா.

முதல் நாள் அடித்த ரிவிட் எல்லாம் கோணல். கட்டையைச் சாய்த்துப் பிடித்துவிட்டேன் என்று அவர் சொன்னார். கன்னைச் சாய்த்து அடித்தார் என்று நான் சொன்னேன். எல்லாவற்றையும் ட்ரில் போட்டு எடுத்தோம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தவளுக்கு ஷெட்டில் அவர் தனியாக எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்க் கட்டையை எடுத்துக்கொண்டேன். அவரும் கன்னை எடுத்தார். அதன் பிறகு சனி, ஞாயிறுகள் அப்படியே போயின. தகட்டுக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெரியாது. "ம்" என்பார். நான் "ம்" என்பேன். தடதடவென்று கை அதிரும். விரலால் தடவிப் பார்த்தால் நசுங்கிய ரிவிட் முனை வட்டமாக, சட்டைப் பொத்தான் மாதிரி உட்கார்ந்திருக்கும். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் நாங்கள் இவ்வளவு குறைவாகப் பேசி இவ்வளவு ஒத்துப்போனது கிடையாது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இறக்கைக்கும் பட்ஜெட் வந்துவிடும்.

நாங்கள் அந்த வாலை முடிப்பதற்குள் அரசாங்கம் அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, பலகைகளை மாற்றி, மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டது. எங்களால் மூன்று தகடுகளைத்தான் சேர்க்க முடிந்தது.

இடையில் போலீஸ் வந்தது. அமெரிக்காவில் விமானத்தை வைத்துக் கட்டிடத்தை இடித்த செய்தி ஓய்ந்திராத காலம். நம் தெருவில் ஒருவர் விமானம் கட்டுகிறார் என்று யாரோ பொறுப்புள்ள குடிமகன் ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார். ஒரு ஏட்டையா வந்து ஷெட்டில் நின்றார். பெஞ்சின் மேல் அந்தச் சுக்கான் மட்டும் படுத்திருந்தது.

"இதானா சார்?"

"இது வாலுங்க."

ஏட்டையா அதைத் தட்டிப் பார்த்தார். "இது பறக்குமா சார்?"

"இதுவரைக்கும் பணம்தாங்க பறந்திருக்கு," என்றேன் நான்.

அவர் என்னை ஆறுதலாகப் பார்த்தார். டீ குடித்தார். போகும்போது தன் மோட்டார் சைக்கிளின் மட்கார்டு விரிசல் விட்டிருப்பதைக் காட்டினார். என் கணவர் அங்கேயே நாலு ரிவிட் அடித்துக் கொடுத்தார். நாட்டின் பாதுகாப்பு அத்தோடு உறுதியானது.

சுக்கான் முடிந்த வருஷமே எனக்கு வரதராஜன்பேட்டைக்கு மாறுதல் வந்தது. ஆடி பிறந்திருந்தது. மினி லாரியில் பீரோ, கட்டில், கம்ப்ரசர் எல்லாம் ஏற்றிய பிறகு சுக்கானுக்கு இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலே படுக்கவைத்துச் சணல் கயிற்றால் கட்டினார். நைலான் கயிறு போதவில்லை. அது கட்டிலுக்குப் போய்விட்டது. நாங்கள் இருவரும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

குன்னம் தாண்டி வெட்டவெளியில் காற்று லாரியையே ஒரு பக்கமாகத் தள்ளியது. மேலே ஏதோ படபடத்தது. "சார், எதுவோ அவுந்துடுச்சு," என்று டிரைவர் சொல்லி முடிக்கும் முன் அது போய்விட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எங்கள் சுக்கான் லாரிக்கு மேலே, தந்திக் கம்பிக்கும் மேலே, வெயிலில் பளபளவென்று ஒருமுறை புரண்டு, ரொம்ப நிதானமாக, அதற்கு எந்த அவசரமும் இல்லாத மாதிரி சாய்ந்து போய் சின்ன வெங்காய வயல் ஒன்றில் இறங்கியது.

லாரி நிற்கும் முன்பே அவர் குதித்து ஓடினார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். வயல்காரம்மா அதன் அருகில் போய்க் களைக்கொட்டால் தொட்டுப் பார்த்தார்.

"என்னாங்க இது, பீரோ கதவா?"

"ஏரோப்ளேன் வாலுங்க," என்றார் என் கணவர் மூச்சிரைக்க.

அந்த அம்மா வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "மீதி எங்க?"

"மீதி இன்னும் வாங்கலைங்க," என்றேன்.

என் கணவர் இதையெல்லாம் கேட்கவே இல்லை. ரோட்டிலிருந்து அது விழுந்த இடம் வரை காலடியால் அளந்துகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. "தூக்குச்சு பாத்தியா? காத்து தூக்குச்சு. நம்ம வளைவு சரியா இருக்கு," என்றார். ஒரு மூலை முழுக்க மடங்கிப்போயிருந்தது. நான் குனிந்து விரலால் தடவிக்கொண்டே போனேன். தகடு கிழிந்திருந்தது, ஆனால் ஒரு ரிவிட்கூட விடவில்லை. "ஒண்ணும் விடலைங்க," என்றேன். அதில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தேன்.

மிதிபட்ட வெங்காயத்துக்கு அந்த அம்மா காசு கேட்டார். நியாயமாகத்தான் கேட்டார். கொடுத்ததும், நசுங்கிய வெங்காயத்தை நீங்களே அள்ளிக்கொண்டு போங்கள் என்று முறத்தில் வாரித் தந்தார். வரதராஜன்பேட்டை வீட்டில் ஒரு வாரம் வெங்காயச் சாம்பார்தான்.

புது வீட்டில் ஷெட் இல்லை. அதைவிட, இரண்டு இறக்கையும் எஞ்சினும் என்ன விலை ஆகும் என்று ஜெயங்கொண்டத்து பிரவுசிங் சென்டரில் அவர் ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்துவிட்டார். அந்த வாரமும் சாப்பாட்டில் குறை சொல்லவில்லை. ஆனால் எதையும் கேட்கவும் இல்லை. நானாக, "எவ்வளவு வருதாம்?" என்றேன். "விடு," என்றார். முழு விலையை இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை.

சில வருஷம் கம்ப்ரசர் வாசலில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. பிறகு ஜெயங்கொண்டம் ரோட்டில் பஞ்சர் கடை போட்ட ஒருவர் கேட்டார். இவரும் கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தை என் கையில் வைத்து, "ஃபிரிட்ஜுக்கு வச்சுக்க," என்றார். ஃபிரிட்ஜ் நாங்கள் எப்போதோ வாங்கியாகிவிட்டது. இவர் தினமும் அதிலிருந்துதான் தண்ணீர் எடுத்துக் குடிக்கிறார். நான் அந்தப் பணத்தோடு கொஞ்சம் போட்டு, திருச்சியிலிருந்து சென்னைக்கு இரண்டு விமான டிக்கெட் எடுத்தேன்.

அவருக்கு ஜன்னலோர சீட். இறக்கைக்குப் பக்கத்தில். மேலே போனதும் பெரம்பலூர் தெரிகிறதா என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன். எல்லா ஊரும் ஒரே மாதிரி புழுதி நிறமாக இருந்தது. அவர் கீழே பார்க்கவே இல்லை. மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இறக்கையையே பார்த்தபடி இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அங்க பாரு. மூணாவது வரிசை."

பார்த்தேன். ஒரு ரிவிட் லேசாக, ரொம்ப லேசாகச் சாய்ந்திருந்தது.

"புடிச்சவங்க சரியா புடிக்கல," என்றார்.

"அடிச்சவங்க சரியா அடிக்கல," என்றேன்.

பணிப்பெண் வந்து சீட் பெல்ட்டைப் போடச் சொல்லும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்குப் போகவர எடுக்கப் பணம் போதவில்லை. எனவே சென்னையிலிருந்து பஸ்ஸில்தான் திரும்பினோம். விழுப்புரத்தில் டயர் பஞ்சர் ஆகி ஒரு மணி நேரம் நின்றோம்.