எங்கள் டியூஷனின் ‘இஸ்’

பி.டெக். முடித்துவிட்டு முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி ஷீட்டுக்கு அடியில் வாண்டுகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன் என்றால் என் செட்டில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கேம்பஸில் எடுத்த கம்பெனி ‘கூப்பிடுகிறோம்’ என்றதோடு சரி, இன்னும் கூப்பிடவில்லை. அதுவரை ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

போன கோடையில் பின் போர்ஷன் அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். அக்காவுக்கு நேரு வீதியில் துணிக்கடை வேலை, அவர் வீட்டுக்காரருக்குச் சேதராப்பட்டில் கம்பெனி ஷிஃப்ட். மகளை விழுப்புரம் பக்கம் தன் அம்மா ஊரில் விட்டிருந்தார்கள். அங்கே தமிழ் மீடியத்தில் ஒன்றாவது முடித்திருந்தாள். அவள் தம்பி மட்டும் இங்கேயே இங்கிலீஷ் மீடியத்தில் எல்.கே.ஜி. பையனை வைத்துக்கொண்டு பெண்ணை மட்டும் ஏன் அனுப்பினீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. என் வாய்க்கு அன்றைக்கு நல்ல நேரம், கேட்கவில்லை.

“மிஸ்ஸு, தம்பி படிக்கிற ஸ்கூல்லயே இவள ரெண்டாவதுல போடணும். இன்டர்வியூல ரெண்டு வார்த்த இங்கிலீஷு பேசிட்டா போதுமாம். பேசலன்னா யூகேஜிலதான் ஒக்கார வெப்பாங்களாம்.”

“யூகேஜியா? உங்க பையனே இந்த வருஷம் யூகேஜிதானக்கா?”

“அதத்தான் மிஸ்ஸு சொல்றேன். தம்பிகூட ஒரே பெஞ்சில ஒக்காருவாளா இவ? அவன் இப்பவே ‘அக்கா என் கிளாசு’ன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு ஆடுறான்.”

அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்” என்றேன். கெத்தாகத்தான் சொன்னேன்.

இந்த வாண்டுகளிடம் ஒரு தீராத வியாதி உண்டு. ‘இது பூனை’ என்று தமிழில் இரண்டே வார்த்தையில் வேலை முடிந்துவிடுகிறதா, இங்கிலீஷிலும் ‘திஸ் கேட்’ என்று முடித்துவிடுவார்கள். நடுவில் ‘இஸ்’ வரணும்டா என்று நானும் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தேன். கொட்டாவி விட்டார்கள். கடைசியில் அவர்களையே வாக்கியமாக நிற்க வைத்தேன். ஆளுக்கு ஒரு வார்த்தை. அவரவர் வார்த்தையை அவரவர் கத்த வேண்டும்.

‘கேட்’டுக்கு அடிதடி. ‘திஸ்’ஸுக்கும் ஆள் இருந்தது. ‘இஸ்’ஸை எவனும் சீந்தவில்லை.

“ஐயே, அதுக்கு அர்த்தமே இல்ல மிஸ். நான் நிக்க மாட்டேன்” என்றான் ஒருவன்.

புதுப்பெண் எழுந்து வந்து நடுவில் நின்றாள். அவளிடம் சொன்னேன்: “நீதான் ரெண்டு பேரு கையையும் புடிச்சுக்கணும். நீ விட்டா எல்லாரும் விழுந்துடுவாங்க.” அவள் விட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் தொப்பென்று விழுந்து உருண்டார்கள். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தாள்.

அதற்கப்புறம் அவளுக்கு அதுவே பெயர். “ஏய் இஸ்ஸு, வாடி, ஆரம்பிக்கலாம்!” ‘தி ஸீ’ என்று ஒருவன் கத்துவான், ‘இஸ்’ என்று இவள் கீச்சென்று சொல்வாள், ‘ப்ளூ’ என்று இன்னொருத்தி முடிப்பாள். ஒருத்தனும் ‘இஸ்’ஸை விடுவதில்லை. அதை வீடியோ எடுத்து, என்னைப் பார்த்துச் சிரித்த என் செட்டுக்கெல்லாம் அனுப்பினேன். அவளை வேறு இடத்தில் நிறுத்தினால் மட்டும், “மிஸ், அவதான் இஸ்ஸு! மாத்தாதீங்க!” என்று மாடியே கத்தும். கடைசி வாரம் தனியாக உட்கார வைத்துப் பெயர், அப்பா, அம்மா என்று முழு வாக்கியங்கள் சொல்ல வைத்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழகாகச் சொன்னாள். இது போதும் என்று நினைத்தேன்.

இன்டர்வியூ அன்றைக்கு அவள் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. “நீயும் வா மிஸ்ஸு, இங்கிலீஷுல பேசுனா எனக்கு ஒண்ணும் புரியாது. கேட்டா சித்தின்னு சொல்லிக்கிறேன்” என்றார் அக்கா. போனோம். அம்மா மட்டும்தான் உள்ளே போகலாம் என்று வாசலிலிருந்த அம்மாள் என்னை பெஞ்சில் உட்கார்த்திவிட்டார். கண்ணாடிக் கதவு. சத்தம் வராது, ஆனால் எல்லாம் தெரியும்.

உள்ளே பிரின்சிபால் மேடம் குனிந்து அவளிடம் ஏதோ கேட்டார். அவள் இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றாள்.

பயப்படுகிறாள் என்று நினைத்து அக்கா ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை காலி நாற்காலியைப் பார்த்து நீண்டபடியே இருந்தது. மேடம் மறுபடி கேட்டார். அவள் வாய் ஒரே ஒரு தரம் திறந்து மூடியது. என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும்.

எழுந்து கதவுக்குப் போனேன்.

“ஒக்காரும்மா. கூப்புடுவாங்க” என்று வாசல் அம்மாள் மறித்தார்.

“ஒரு நிமிஷம்மா, அவ கையப் புடிச்சா போதும், பேசிடுவா.”

“எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க. ஒக்காரு.”

உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய.

அக்கா கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. “இன்னா கேட்டாலும் இஸ்ஸு இஸ்ஸுன்னே சொல்லுது மிஸ்ஸு. நீயாவது வந்து சொல்லேன்.”

எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் மேடம் முன்னால் கொட்டினேன். குழுவாகப் படித்த குழந்தை, தனியாகப் பழக்கமில்லை, இன்னொரு சான்ஸ் கொடுங்கள், ஒன்றாவதாவது கொடுங்கள். மேடம் பொறுமையாகக் கேட்டார்.

“நீ ரொம்ப நல்லா பேசறம்மா. ஆனா பேச வேண்டியது குழந்தை. ஒன்னாவது ஃபுல். இவள ரெண்டாவதுல போட்டா அவதான் கஷ்டப்படுவா. யூகேஜின்னா பேஸிக் நல்லா வரும்.”

திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். இவ்வளவு அன்பாகச் சொல்கிறவரிடம் எந்த வாயைக் காட்டுவது?

வராண்டாவில் அக்கா என்னிடம் கிசுகிசுத்தார். “வேணாம்னுட்டு எங்க போறது மிஸ்ஸு? திருப்பி ஊருக்கே அனுப்பவா?” ஊர் என்றதும் அவள் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அதைப் பார்த்துவிட்டு, யூகேஜிக்குச் சரி சொல்ல உள்ளே போனார்.

நாங்கள் இரண்டு பேரும் வெளியே நின்றோம்.

“நான் கரெக்டாதான மிஸ் சொன்னேன்?”

“கரெக்டாதான்டா சொன்ன.”

“அப்புறம் ஏன் மத்தவங்க யாரும் வர்ல?”

அவளுடைய ஒரு கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கே யூனிஃபார்மும் வாங்க வேண்டுமாம். கவுன்டரில் இருந்த பெண் யூகேஜி கவுன்களில் பெரியதாகப் பார்த்து எடுத்து அவள் சுடிதாருக்கு மேலேயே மாட்டிவிட்டாள். தொடைக்குப் பாதியில் நின்றது.

“யூகேஜிக்கா? இவ்ளோ பெரிய பொண்ணா இருக்குதே. இதுக்கு மேல சைஸு இல்லக்கா.”

அக்கா கவுன் விளிம்பைக் கீழே இழுத்து இழுத்துப் பார்த்தார். அவள் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாருக்கும் தெரியாமல் முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு நின்றாள்.

“சரியாத்தாம்மா கீது” என்றாள்.